எலுமிச்சையின் புளிப்பும் ஆலையின் புளிப்பும்

(எலுமிச்சை சாகுபடியாளர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எலுமிச்சை பயிரிடும் ஊர்களில் கூட்டம் நடத்தும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. கோடையில் ஒரு பழத்துக்கு நல்ல விலை கிடைக்கிறது. மழைக்காலத்தில் காய்ப்பு பெருகியதும் விலை சரிந்து, பறிப்புக் கூலிக்கும் சாக்குக்கும் கட்டுபடியாகாமல் போகிறது. மரத்தடியிலேயே பழம் உதிர்ந்து கிடக்கிறது. அதே வேளையில் கடையில் சிட்ரிக் அமிலம் பொட்டலம் பொட்டலமாக விற்கிறது. குளிர்பானம், மிட்டாய், மருந்து, சலவைத்தூள் என்று எல்லாவற்றிலும் அது சேர்கிறது. "எலுமிச்சையிலிருந்து சிட்ரிக் அமிலம் எடுக்கும் ஆலை ஒன்றை நம் பகுதியில் வைத்தால் என்ன?" என்பதே அந்தக் கேள்வி.

நியாயமான கேள்விதான். சரியான விடை தெரியாமல் கூட்டாகப் பணம் போட்டுவிட்டால் நட்டம் உழவருக்கே. எனவே இன்று சிட்ரிக் அமிலம் எப்படிக் கிடைக்கிறது, எங்கெங்கு பயன்படுகிறது, நமது வயலிலும் வீட்டிலும் அதை எப்படிப் பயன்படுத்தலாம், எலுமிச்சையை எப்படி விலையாக்கலாம் என்பவற்றை வரிசையாகக் காண்போம்.

சிட்ரிக் அமிலம் என்பது எது?

எலுமிச்சை, நார்த்தை, கிடாரங்காய், சாத்துக்குடி, ஆரஞ்சு ஆகியவற்றின் புளிப்புக்குக் காரணமான பொருளே சிட்ரிக் அமிலம். வெண்ணிறப் படிகமாக இருக்கும், மணம் கிடையாது, நீரில் எளிதில் கரையும். சில ஊர்களில் எலுமிச்சை உப்பு என்றும் சொல்வர். 1784ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு வேதியியலர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே எலுமிச்சைச் சாற்றிலிருந்து இதை முதன்முதலாகப் படிகமாகப் பிரித்தெடுத்தார்.

எல்லாப் புளிப்பும் சிட்ரிக் அமிலம் அன்று. நாம் குழம்புக்குக் கரைக்கும் புளியின் புளிப்பு டார்டாரிக் அமிலத்தால் வருவது. மோரின் புளிப்பு லாக்டிக் அமிலம். காடியின் புளிப்பு அசெடிக் அமிலம். நெல்லிக்காயில் பேர்போன வைட்டமின் சி என்பது அஸ்கார்பிக் அமிலம். கடையில் வாங்கும் சிட்ரிக் அமிலத்தில் வைட்டமின் சி சிறிதும் இல்லை. எலுமிச்சைச் சாற்றில் இரண்டும் உண்டு. இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

நமது நாட்டு எலுமிச்சையில் கிலோவுக்கு 20 முதல் 25 பழங்கள் நிற்கும். ஒரு கிலோ பழத்தைப் பிழிந்தால் ஏறத்தாழ 350 முதல் 450 மி.லி. சாறு கிடைக்கும். 100 மி.லி. சாற்றில் சுமார் 5 முதல் 7 கிராம் சிட்ரிக் அமிலம் இருக்கும். ஆக, ஒரு கிலோ பழத்தில் 20 முதல் 30 கிராம் வரை. ஒரு பழத்துக்குச் சராசரியாக ஒரு கிராம்.

அப்படியானால் ஒரு கிலோ சிட்ரிக் அமிலம் எடுக்கச் சேதாரம் இல்லாமலே சுமார் 40 கிலோ பழம் வேண்டும். இதற்கு மேல் சுண்ணாம்பு, கந்தக அமிலம், எரிபொருள், ஆள் கூலி. ஒரு கிலோ சிட்ரிக் அமிலத்தின் கடை விலையைக் கேட்டறிந்து, 40 கிலோ பழத்தின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழம் மிக மலிவாகக் கிடைக்கும் நாளிலும் இந்தக் கணக்கு நேராகாது. ஆலைக்காரர் பழத்தை இலவசமாகக் கேட்கும் நிலைதான் வரும்.

சிசிலித் தீவு சொல்லும் பாடம்

இது வெறும் கணக்கு அன்று. நடந்து முடிந்த வரலாறும்கூட. 19ஆம் நூற்றாண்டில் சிட்ரிக் அமிலம் முழுவதும் பழத்திலிருந்தே எடுக்கப்பட்டது. இத்தாலியின் சிசிலித் தீவில் எலுமிச்சைத் தோப்புகள் நிறைந்திருந்தன. சந்தைக்கு ஆகாத பழங்களைப் பிழிந்து, சாற்றில் சுண்ணாம்பு சேர்த்தால் கால்சியம் சிட்ரேட் என்னும் வீழ்படிவு கிடைக்கும். அதை உலர்த்தி இங்கிலாந்து முதலிய நாடுகளுக்கு ஏற்றுமதி செய்தனர். அங்கே கந்தக அமிலம் சேர்த்துச் சிட்ரிக் அமிலமாக மாற்றினர். உலகச் சந்தையே ஏறக்குறைய இத்தாலியின் கையில் இருந்தது.

1893இல் ஜெர்மானிய அறிஞர் கார்ல் வேமர், சர்க்கரைக் கரைசலில் வளரும் ஒருவகைப் பூசணம் சிட்ரிக் அமிலத்தைச் சுரப்பதைக் கண்டறிந்தார். முதல் உலகப் போரால் இத்தாலியச் சரக்கு வருவது தடைப்பட்டது. 1917இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கர்ரி என்பவர், அஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்னும் கரும்பூசணம் இன்னும் மிகுதியாக அமிலம் தருவதை வெளியிட்டார். 1919இல் பைசர் நிறுவனம் இம்முறையில் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே இத்தாலியின் தனியுரிமை உடைந்தது. புளிப்பை மட்டும் நம்பிப் பழம் விற்ற சிசிலி உழவர்களின் பிழைப்பை ஒரு பூசணம் பறித்துக்கொண்டது.

இந்தப் பூசணம் உங்களுக்குப் புதியதன்று. பட்டறை போட்ட வெங்காயத்தில் கரும்பொடியாகப் படிவதும், நிலக்கடலை இளஞ்செடியில் கழுத்தழுகல் நோயை உண்டாக்குவதும் இதே இனம்தான். வயலில் பகைவன், ஆலையில் வேலையாள்.

இன்று ஆலையில் எவ்வாறு தயாராகிறது?

சர்க்கரை ஆலையின் கழிவுப் பாகு, மக்காச்சோள மாவு, மரவள்ளி மாவு ஆகியவற்றிலிருந்து பெற்ற சர்க்கரைக் கரைசலைப் பெரிய எஃகுக் கலன்களில் ஊற்றி, தூய்மையான காற்றைச் செலுத்திக்கொண்டே பூசணத்தை வளர்க்கின்றனர். இரும்பு, மாங்கனீசு போன்ற நுண்ணூட்டங்களை வேண்டுமென்றே குறைவாக வைப்பதால், பூசணம் உடல் வளர்ச்சியைக் குறைத்துக்கொண்டு அமிலத்தை வெளியே கொட்டுகிறது. ஒரு வாரம், பத்து நாளில் நொதித்தல் முடிந்துவிடும். நல்ல முறையில் நடத்தினால் 100 கிலோ சர்க்கரையிலிருந்து 70 கிலோவுக்கு மேல் அமிலம் கிடைக்கும். பிறகு வடிகட்டிச் சுண்ணாம்பு சேர்ப்பதும், கந்தக அமிலத்தால் பிரிப்பதும் அந்தச் சிசிலி முறையேதான். எஞ்சுவது ஜிப்சம்.

உலகில் ஆண்டுக்கு 20 இலட்சம் டன்னுக்கு மேல் சிட்ரிக் அமிலம் இவ்வாறு உற்பத்தியாகிறது. பெரும்பங்கு சீனாவிலிருந்து வருகிறது. எனவே கேள்விக்கு விடை தெளிவு: எலுமிச்சையிலிருந்து சிட்ரிக் அமிலம் எடுக்கும் ஆலை நமக்குக் கட்டுபடியாகாது. வேறு வழி உண்டா என்றால், உண்டு. அதற்கு முன் இப்பொருள் எங்கெங்கு செல்கிறது என்று பார்ப்போம்.

தொழில்களில் சிட்ரிக் அமிலம்

1. உணவும் பானமும்: உற்பத்தியில் பெரும்பகுதி இங்கேதான் செல்கிறது. புளிப்புச் சுவை தருவதோடு, நுண்ணுயிர்கள் வளராதபடி அமிலநிலையைப் பேணுகிறது. ஜாமும் ஜெல்லியும் உறைவதற்குத் துணை செய்கிறது. உணவுப் பொட்டலத்தின் மேல் ஐ.என்.எஸ். 330 என்ற எண்ணைக் கண்டால் அது சிட்ரிக் அமிலம் என்று அறியுங்கள்.

2. மருந்து: நீரில் போட்டதும் நுரைத்துப் பொங்கும் மாத்திரைகளில் சமையல் சோடாவும் சிட்ரிக் அமிலமும் உலர்ந்த நிலையில் சேர்ந்திருக்கும். தண்ணீர் பட்டதும் இரண்டும் வினைபுரிந்து கரியமில வாயு வெளிப்படுகிறது. வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்குக் கொடுக்கும் உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தில் இதன் உப்பாகிய டிரைசோடியம் சிட்ரேட், லிட்டருக்கு 2.9 கிராம் என்ற அளவில் உள்ளது. முன்னர் இருந்த சோடா உப்பு வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில் விரைவில் கெட்டுப்போனதால் 1984இல் இம்மாற்றம் வந்தது. தானமாகப் பெற்ற இரத்தம் உறையாமல் இருக்கவும் சிட்ரேட் உப்பே சேர்க்கப்படுகிறது. இரத்தம் உறைவதற்குக் கால்சியம் தேவை. சிட்ரேட் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

3. சலவையும் துப்புரவும்: கடின நீரில் உள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துவைத்தால் சோப்பு நன்கு நுரைக்கும். முன்பு இதற்குப் பாஸ்பேட் உப்புகள் பெரிதும் சேர்க்கப்பட்டன. அவை ஏரி குளங்களில் கலந்து பாசி பெருகக் காரணமாயின. ஆகவே பல நாடுகளில் அவற்றின் இடத்தைச் சிட்ரேட் உப்புகளும் பிடித்தன. கொதிகலன்களின் உள்ளே படியும் சுண்ணாம்பைக் கரைக்கவும், துருப்பிடிக்காத எஃகின் மேற்பரப்பைத் தூய்மைப்படுத்தவும் ஆலைகளில் இது பயன்படுகிறது.

உரச் சாக்கிலும் சிட்ரேட்

உங்கள் வீட்டு உரச் சாக்கை எடுத்துப் பாருங்கள். டி.ஏ.பி. சாக்கில் நியூட்ரல் அம்மோனியம் சிட்ரேட்டில் கரையும் மணிச்சத்து 46 சதம் என்றும், நீரில் கரைவது இத்தனை சதம் என்றும் அச்சிட்டிருக்கும். சூப்பர் பாஸ்பேட்டில் இவ்வளவு 16 சதம், 14.5 சதம். உரத்தில் உள்ள மணிச்சத்தில் எவ்வளவு பயிருக்குப் பயன்படும் என்பதைச் சிட்ரேட் கரைசலைக் கொண்டே ஆய்வுக்கூடத்தில் அளக்கின்றனர். இதற்கு அடிப்படை இயற்கையில் உள்ளது. பயிர்களின் வேர்களும் மண்ணில் வாழும் நுண்ணுயிர்களும் சிட்ரிக் அமிலம் போன்ற கரிம அமிலங்களைச் சுரந்தே, மண்ணில் முடங்கிக் கிடக்கும் மணிச்சத்தைக் கரைக்கின்றன. நாம் இடும் பாஸ்போபாக்டீரியா செய்வதும் இந்த வேலைதான்.

வயலில் எப்படிப் பயன்படுத்தலாம்?

சுண்ணாம்பு மிகுந்த நிலங்களில் நிலக்கடலை, சோளம், கரும்பின் கட்டைப்பயிர், மேட்டு நெல் நாற்றங்கால் ஆகியவற்றில் இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். முற்றினால் இலை முழுவதும் வெளுத்துவிடும். இது இரும்புச்சத்துக் குறையால் வரும் பச்சையச் சோகை. தழைச்சத்துக் குறை முதலில் முதிர்ந்த இலையில் தெரியும். இரும்புக் குறை இளம் இலையில் தெரியும். இதை அறியாமல் யூரியாவை அள்ளி இடுவோர் பலர். பணமும் போகும், மஞ்சளும் போகாது.

இதற்கு இலைவழித் தெளிப்பே விரைவான தீர்வு. 10 லிட்டர் நீரில் முதலில் 10 கிராம் சிட்ரிக் அமிலத்தைக் கரையுங்கள். பின்னர் 50 முதல் 100 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து வடிகட்டித் தெளியுங்கள். இளம் பயிருக்குக் குறைந்த அளவே போதும். மாலை வேளையில் இலை நன்கு நனையத் தெளிக்க வேண்டும். 10 நாள் இடைவெளியில் இரண்டு, மூன்று முறை தெளிக்கலாம்.

சிட்ரிக் அமிலம் எதற்கு என்று கேட்கலாம். அன்னபேதி நீரில் கரைந்ததும் காற்றுப்பட்டுத் துருவாக மாறத் தொடங்கும். கிணற்று நீர் உப்பும் சுண்ணாம்புமாக இருந்தால் மாற்றம் இன்னும் விரைவு. துருவாகிய இரும்பு இலைக்குள் எளிதில் புகாது. சிட்ரிக் அமிலம் நீரைப் புளிப்பாக்கி, இரும்பைப் பிடித்து வைத்து, இம்மாற்றத்தைத் தள்ளிப்போடுகிறது. கரைசல் செம்பழுப்பாகிவிட்டால் கொட்டிவிடுங்கள். அன்னபேதி வாங்கும்போது வெளிர்பச்சைப் படிகமாகப் பார்த்து வாங்குங்கள், பழுப்பேறியதை வாங்காதீர்கள்.

சிட்ரிக் அமிலம் கைவசம் இல்லையென்றால் எலுமிச்சைச் சாறு பயன்படும். ஒரு பழத்துக்கு ஒரு கிராம் என்று கணக்கிட்டோம் அல்லவா? 10 லிட்டருக்குப் பத்துப் பழத்தின் சாறு வேண்டும். விற்க முடியாத பழம் தோப்பில் கிடக்கும் நாளில் இது செலவில்லாத வழி. பழம் விலைபோகும் நாளில் கடைத் தூளே சிக்கனம்.

சுண்ணாம்பு படிந்து அடைத்துக்கொண்ட தெளிப்பான் மூக்குகளையும் சொட்டுவான்களையும் கழற்றி, லிட்டருக்கு 20 கிராம் வீதம் கரைத்த நீரில் ஓர் இரவு ஊறவைத்துக் கழுவினால் அடைப்பு நீங்கும். போர்டோ கலவை போன்ற தாமிர மருந்துகளோடு மட்டும் சிட்ரிக் அமிலத்தைச் சேர்க்காதீர்கள். அமிலத்தில் தாமிரம் மிகுதியாகக் கரைந்து இலையைக் கருக்கிவிடும்.

வீட்டில் பயன்கள்

பன்னீர் செய்ய, ஒரு லிட்டர் பாலைக் காய்ச்சி, சற்று ஆறவிட்டு, 2 கிராம் சிட்ரிக் அமிலத்தை 100 மி.லி. வெந்நீரில் கரைத்துச் சிறிது சிறிதாக ஊற்றிக் கிளறுங்கள். பச்சை கலந்த தெளிநீர் பிரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். கறவை மாடு வைத்திருப்போர், பால் மிஞ்சும் நாளில் இதைச் செய்து பார்க்கலாம்.

வற்றலுக்கோ சிப்சுக்கோ வெட்டிய வாழைக்காய், உருளைக்கிழங்குத் துண்டுகள் கறுக்காமல் இருக்க, லிட்டருக்கு 5 கிராம் கரைத்த நீரில் சிறிது நேரம் போட்டெடுங்கள். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிந்த வெள்ளைப் படிவை நீக்க, இரண்டு மேசைக்கரண்டித் தூளை ஒரு லிட்டர் நீரில் கலந்து கொதிக்கவைத்து, ஒரு மணி நேரம் கழித்துக் கழுவுங்கள்.

நான்கு எச்சரிக்கைகள்

1. குளோரின் சேர்ந்த சலவைக் கரைசலுடனோ பிளீச்சிங் பவுடருடனோ சிட்ரிக் அமிலத்தைக் கலக்கவே கூடாது. நச்சு வாயு வெளிப்படும்.

2. உணவுக்கு உணவுத்தரத் தூளையே வாங்க வேண்டும். துப்புரவுக்கென விற்பதைச் சமையலறையில் வைக்காதீர்கள்.

3. பளிங்குத் தரையிலும் சிமெண்டுத் தரையிலும் கொட்டினால் அரித்துவிடும். அலுமினியம், பித்தளைப் பாத்திரங்களில் கரைத்து வைக்காதீர்கள்.

4. தூள் கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

எலுமிச்சையை எப்படி விலையாக்குவது?

ஆலைத் தூளிடம் புளிப்பு மட்டுமே உண்டு. எலுமிச்சையின் மணம் அதில் இல்லை. அந்த மணம் தோலில் உள்ள எண்ணெயிலிருந்து வருவது. வைட்டமின் சியும் அதில் இல்லை. புளிப்பாக விற்றால் நாம் தோற்போம். பழமாகவும் சாறாகவும் விற்றால் ஆலைத் தூள் நம்மோடு போட்டியிட முடியாது.

முதலாவது, தரம் பிரித்து விற்பது. புளியங்குடி போன்ற பெரிய சந்தைகளில் அளவும் நிறமும் ஒத்த பழத்துக்குத் தனி விலை உண்டு. காயம்பட்ட பழத்தை நல்ல பழத்தோடு கலந்தால் முழுச் சாக்கின் விலையும் இறங்கிவிடும்.

இரண்டாவது, காயம்பட்ட பழத்தையும் மிஞ்சிய பழத்தையும் அன்றே பிழிந்து ஸ்குவாஷ் ஆக்குவது. சுமார் இரண்டரைக் கிலோ பழத்தைக் கழுவி, அழுகலை நீக்கி, துருப்பிடிக்காத கத்தியால் நறுக்கிப் பிழிந்தால் ஒரு லிட்டர் சாறு கிடைக்கும். தோலை நசுக்கிப் பிழிந்தால் கசக்கும். 2 கிலோ சர்க்கரையை ஒரு லிட்டர் நீரில் கொதிக்கவைத்து, வடிகட்டி, நன்கு ஆறவிட்டுச் சாற்றைக் கலக்குங்கள். கிலோவுக்கு 0.6 கிராம் வீதம், இந்த நான்கு கிலோவுக்கு 2.4 கிராம் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்டைச் சிறிது நீரில் கரைத்துச் சேருங்கள். தராசில் நிறுத்தே சேர்க்க வேண்டும்; கண்ணளவு கூடாது. வெந்நீரில் கொதிக்கவைத்து உலர்த்திய பாட்டில்களில், வாயிலிருந்து ஓர் அங்குலம் விட்டு நிரப்பி மூடுங்கள். ஒரு பங்குக்கு மூன்று, நான்கு பங்கு நீர் சேர்த்துப் பருகலாம். இதற்குச் சிட்ரிக் அமிலம் தேவையில்லை. மாம்பழ ஸ்குவாஷுக்கோ ஒரு கிலோ கூழுக்கு 20 முதல் 30 கிராம் சிட்ரிக் அமிலம் சேர்க்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது, உப்பிட்டு வெயிலில் உலர்த்திய எலுமிச்சை. இது நம் வீட்டுப் பெண்களுக்குக் கைவந்த கலை. மழைக்காலப் பழத்தைக் கோடை வரை காக்கும் மலிவான முறையும் இதுவே.

விற்பனைக்குச் செய்வோர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். தனி ஒருவரால் இயலாததை உழவர் குழுவாகவும், மகளிர் குழுவாகவும் சேர்ந்து செய்யலாம். பாட்டிலின் மேல் சாறு எத்தனை சதம் என்பதை உள்ளபடி அச்சிடுங்கள். தூளும் வாசனைத் திரவமும் கலந்த பானத்துக்கும் உங்கள் பானத்துக்கும் உள்ள வேறுபாட்டை வாங்குவோர் அந்த ஒரு வரியிலேயே தெரிந்துகொள்வர்.

உழவர் பெருமக்களே, ஆலை வைக்கலாம் என்று யாரேனும் பங்குப் பணம் கேட்டு வந்தால், 40 கிலோ பழத்துக்கு ஒரு கிலோ அமிலம் என்ற கணக்கை அவர் முன் வையுங்கள். அந்தப் பணத்தை ஒரு சாறு பிழியும் கருவியிலும், ஒரு நல்ல தராசிலும், நூறு பாட்டில்களிலும் போடுங்கள். சிட்ரிக் அமிலத்தை அன்னபேதிக் கரைசலுக்கும் அடைத்துக்கொண்ட சொட்டுவானுக்கும் கடையில் வாங்கிக்கொள்ளலாம். ஸ்குவாஷ், பன்னீர் செய்முறைகளை நேரில் கற்க விரும்புவோர் அருகிலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தை அணுகலாம். மழைக்காலக் காய்ப்பு வருமுன் பயிற்சியை முடித்துக்கொண்டால், இந்த ஆண்டே ஒரு பகுதிப் பழத்தையாவது மண்ணுக்குப் போகாமல் காக்கலாம்.